நீச்சற் போட்டியும் நீதிக் கருவியும்

1896-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 11-ஆம் திகதி. கிரேக்க நாட்டிலே பிரேயஸ் துறைமுகத்தை அடுத்துள்ள சேயா விரிகுடாவில் ஒரு படகு சில இளைஞரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள்ளே சென்றது. குறித்த தூரம் சென்றதும் அவர்கள் நீரிற் குதித்துக் கரையை நோக்கி நீந்தத் தொடங்கினர். நவீன ஒலிம்பிக் விளையாட்டின் முதலாவது நீச்சற் போட்டி இவ்வாறே நடந்தேறியது. தடாகம் இல்லை, தடங்களைப் பிரிக்கும் கயிறு இல்லை, புறப்படுவதற்கு மேடையும் இல்லை. நீரோ உடலை விறைக்கச் செய்யும் குளிர். ஹங்கேரி நாட்டிலிருந்து வந்திருந்த அல்பிரெட் ஹாயோஸ் என்னும் 18 வயது மாணவர் குளிருக்கு அஞ்சி உடலெங்கும் கொழுப்பைத் தடித்த பூச்சாகப் பூசிக்கொண்டு நீந்தினார். 100 மீற்றர்ப் போட்டியிலும் 1,200 மீற்றர்ப் போட்டியிலும் அவரே முதலிடம் பெற்றார். நீண்ட போட்டியின்போது அலைகள் மேலெழுந்து மோத, வெற்றியைப் பற்றிய எண்ணம் மறைந்து, உயிர் தப்பிக் கரை சேரவேண்டும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார்.

இந்த ஹாயோஸின் வாழ்க்கை பின்னர் சென்ற வழி வியப்புக்குரியது. அவருக்கு 13 வயதாக இருக்கும்போது அவருடைய தந்தையார் தன்யூப் நதியில் மூழ்கி இறந்தார். அதன் பின்னரே நீச்சலை நன்கு கற்கவேண்டும் என்று அவர் உறுதிபூண்டார். நதி தந்தையைக் கொண்டுபோயிற்று. கடல் அவரையே கொண்டுபோகப் பார்த்தது. இவ்விரண்டையும் கண்ட அவர் கட்டடக் கலைஞரானார். 1924-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் விளையாட்டோடு கலைப் போட்டிகளும் நடைபெற்றன. அங்கே விளையாட்டரங்கொன்றின் திட்ட வரைபடத்துக்காக அவருக்கும் அவருடைய கூட்டாளி ஒருவருக்கும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1930-ஆம் ஆண்டில் புடாப்பெஸ்ற் நகரிலே, அதே தன்யூப் நதியின் நடுவேயுள்ள மார்கரெட் தீவில், அவர் வரைந்த திட்டப்படி நீச்சல் மண்டபம் ஒன்று எழுந்தது. அது அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அலைக்கு அஞ்சி நீந்திய மனிதரே அலை புகாத நீருக்குச் சுவர் எழுப்பினார்.

நீந்துபவர்க்குச் சமமான நீர் வேண்டும் என்பது எளிய கோரிக்கைபோலத் தோன்றும். ஆனால் அதைப் பெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் செயின் நதியிலே போட்டிகள் நடந்தன. ஓட்டத்தோடு சேர்ந்து நீந்தியமையால் அங்கே பதிவான நேரங்கள் மிக வேகமானவையாக இருந்தன. வென்றவருடைய திறமை எவ்வளவு, நதியின் உதவி எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் செயற்கை ஏரியொன்று தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கே ஓட்டம் இல்லை. ஆனால் வேறொரு வில்லங்கம் வந்து சேர்ந்தது. 50 யார்ப் போட்டியின் முடிவில் ஹங்கேரியரான சொல்ற்றான் ஹால்மாய் முந்தினாரா, அமெரிக்கரான ஸ்கொற் லீரி முந்தினாரா என்பதில் நடுவர்கள் இருவேறு கருத்துடையராயினர். வாக்குவாதம் கைகலப்பாக முற்றியது. ஈற்றில் இருவரையும் மறுமுறை நீந்தச் செய்தனர். ஹால்மாய் 28.0 செக்கனிலும் லீரி 28.6 செக்கனிலும் வந்து சேர்ந்தனர். அன்றைக்கு வழக்கு அவ்வளவில் முடிந்தது. நீரைச் சமப்படுத்தினாலும் போதாது, கண்ணையும் சமப்படுத்தவேண்டும் என்பதை அந்த ஏரிக்கரைச் சண்டை முன்கூட்டியே அறிவித்துவிட்டது எனலாம்.

1908-ஆம் ஆண்டில் இலண்டனில், ஓட்டப்பந்தய வட்டத்தின் உள்ளேயே 100 மீற்றர் நீளமான தொட்டியொன்றை அமைத்தார்கள். அவ்வாண்டு யூலை மாதத்தில் அந்நகரிலேயே நீச்சலுக்கான சர்வதேசச் சம்மேளனமும் தோன்றியது. அதுவே பீனா என்ற பெயரோடு நெடுங்காலம் விளங்கி, 2022-இல் வேர்ல்ட் அக்குவாற்றிக்ஸ் எனப் பெயர் மாறியது. எனினும் உடனே தடாகங்கள் நிலைபெற்றுவிடவில்லை. 1912-இல் ஸ்ரொக்ஹோமில் கடற்கழியின் ஒரு பகுதியிலும், 1920-இல் அன்ற்வேர்ப்பில் பழைய கோட்டை அகழியொன்றின் கறுத்த குளிர்ந்த நீரிலும் நீந்தவேண்டியிருந்தது. 1924-ஆம் ஆண்டிலேயே, பாரிஸ் நகரின் தூரெல் தடாகத்தில், 50 மீற்றர் நீளமும் கயிற்றினாற் பிரிக்கப்பட்ட தடங்களும் ஒருங்கே அமைந்தன. 1936-இல் பேர்லினில் புறப்படு மேடைகள் வந்தன. 1948-இல் இலண்டனில் முதன்முறையாக ஒலிம்பிக் நீச்சல் கூரையின்கீழ் நடந்தது. அதற்குப் பயன்பட்ட வெம்பிளித் தடாகம் 50 மீற்றரிலும் நீண்டதாகையால், குறுக்கே ஒரு மேடையமைத்து நீளத்தைச் சுருக்கவேண்டியதாயிற்று.

இவ்வளவும் செய்தபின்னும் முடிவைத் தீர்மானித்தவை மனிதனின் கண்ணும் கட்டைவிரலுமே. ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று பேர் நிறுத்தற் கடிகாரங்களுடன் நிற்பர். மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளது நேரம். ஆனால் இடத்தைத் தீர்மானிப்போர் இவர்கள் அல்லர். முதலிடத்தைப் பார்ப்பதற்கென்று மூவர், இரண்டாம் இடத்தைப் பார்ப்பதற்கென்று மூவர் என நடுவர்கள் வேறாக இருந்தனர். கடிகாரத்தைவிடக் கண்ணுக்கே மதிப்பு அதிகம். கடிகாரத்தை அழுத்துபவர் கையைக் கண்டு, கண்டதை மூளை உணர்ந்து, விரல் அசைவதற்குள் ஏறக்குறைய ஐந்திலொரு செக்கன் கழிந்துவிடும். ஆதலால் கடிகாரத்தை முற்றாக நம்பலாகாது என்பது அக்காலத்து வாதம். அது நியாயமான வாதமே. ஆயினும் கண் மாத்திரம் நம்பத்தக்கதோ என்று எவரும் கேட்கவில்லை. 100 மீற்றரை 55 செக்கனில் நீந்துபவர் ஒரு செக்கனிலே 1.8 மீற்றருக்குச் சற்று அதிகமாக முன்னேறுகிறார். பத்திலொரு செக்கனில் 18 சதமமீற்றர்; அது ஓர் உள்ளங்கையின் நீளம். எட்டுப் பேர் எழுப்பும் நுரைக்கு நடுவே, நீருக்கு மேலே ஒரு கையும் நீருக்குக் கீழே மற்றொரு கையும் சுவரைத் தொடுமாயின், மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது யாருடைய கை?

1956-இல் மெல்பேணில் ஒமேகா நிறுவனத்தார் ஒரு கருவியைக் கொண்டுவந்தனர். துவக்கு வெடித்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். நிறுத்துவது மட்டும் மனிதரின் கை. பாதி யந்திரம், பாதி மனிதன். அடுத்த ஒலிம்பிக்கில் இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாட்டின் குறை உலகறிய வெளிப்பட்டது.

1960-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27-ஆம் திகதி, உரோமாபுரியின் போரோ இத்தாலிக்கோ வளாகத்திலே ஆடவர் 100 மீற்றர் சுயேச்சை நீச்சலின் இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற், அமெரிக்கரான லான்ஸ் லார்சன், பிரேசில் நாட்டவரான மனுவெல் டொஸ் சான்டொஸ் ஆகிய மூவரே முன்னணியில் வந்தனர். கடைசி மீற்றர்களில் லார்சன் டெவிற்றை நெருங்கினார். இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டனர். லார்சன் தாமே வென்றதாக எண்ணி மகிழ்ந்தார். டெவிற்றும் அவ்வாறே எண்ணி லார்சனைப் பாராட்டிவிட்டுத் தடாகத்தை விட்டு ஏறினார். தோற்றவனே தோல்வியை ஒப்புக்கொண்டபின் வழக்கு எங்கே என்று தோன்றும்.

வழக்கு நடுவர்களின் சீட்டுகளில் இருந்தது. முதலிடம் பார்த்த மூவரில் இருவர் டெவிற் முதல்வர் என்றனர். ஒருவர் லார்சன் என்றார். இரண்டாம் இடம் பார்த்த மூவரில் இருவர் டெவிற் இரண்டாமவர் என்றனர். அதாவது லார்சனே முதல்வர் என்பது அவர்கள் கருத்து. இவ்வகையில் அறுவரும் மூவர் மூவராகப் பிரிந்து நின்றனர். கடிகாரங்களோ அவ்வாறு பிரியவில்லை. டெவிற்றின் தடத்தில் மூன்று கடிகாரங்களும் 55.2 காட்டின. லார்சனின் தடத்தில் அவை 55.0, 55.1, 55.1 எனக் காட்டின. உத்தியோகபூர்வமற்ற முறையில் இயங்கிக்கொண்டிருந்த மின் கருவியும் லார்சனுக்கு 55.10, டெவிற்றுக்கு 55.16 என்றே பதிந்திருந்தது. கையால் இயக்கப்பட்ட ஆறு கடிகாரங்களும் மின் கருவியும் ஒரே பக்கம். கண்கள் மட்டும் இரண்டு பக்கம்.

தலைமை நடுவர் தமது தீர்ப்பைக் கூறினார். தாம் கண்டபடி டெவிற்றே முதல்வர் என்றார். அதனோடு விடயம் முடியவில்லை. முதலிடம் பெற்றவரின் நேரம் இரண்டாமவரின் நேரத்திலும் கூடியதாக இருப்பது ஏட்டுக்கு ஒவ்வாது. ஆகையால் லார்சனின் நேரம் 55.1 என்பதிலிருந்து 55.2 எனத் திருத்தப்பட்டது. இருவரும் 55.2, இருவருக்கும் ஒலிம்பிக் சாதனை, தங்கம் டெவிற்றுக்கு, வெள்ளி லார்சனுக்கு, 55.4 செக்கனில் வந்த டொஸ் சான்டொஸ் மூன்றாமவர். தலைமை நடுவருக்கு இவ்வாறு தீர்ப்பு வாக்களிக்கும் உரிமை விதியிலே இல்லை என்று அமெரிக்கர் முறையிட்டனர். முறையீடு நிராகரிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் விடாது முயன்றும் பயன் கிடைக்கவில்லை.

இதிலே டெவிற்றின் குற்றம் யாதுமில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். தாமாகப் பதக்கம் கேட்டவர் அல்லர் அவர். நடுவர்கள் நேர்மை தவறினர் என்று கூறுவதற்கும் ஆதாரமில்லை; தாம் கண்டதையே அவர்கள் எழுதினர். பிழை கருவியில்லாமையிலே இருந்தது. கருவி இருந்தும் அதைக் கேட்கலாகாது என்ற விதியிலே அதைவிடப் பெரிய பிழை இருந்தது. நேரத்தைத் திருத்தியமை மட்டுமே மனத்தை உறுத்துகிறது. தீர்ப்பைத் தவறாகக் கூறுவது மனித இயல்பு. தீர்ப்புக்கு ஏற்பச் சாட்சியத்தைத் திருத்துவது வேறு காரியம்.

நான்காண்டு கழித்து ரோக்கியோவிலும் அதே போட்டியில் அதே சிக்கல். இம்முறை மூன்றாம் இடத்துக்கு. ஜேர்மனியரான ஹான்ஸ்-யோவாக்கிம் கிளைனும் அமெரிக்கரான கரி இல்மனும் 54.0 செக்கனில் ஒன்றாக வந்தனர். நடுவர்கள் மீண்டும் பிரிந்தனர். இம்முறை அதிகாரிகள் மின் கருவியை அழைத்துச் சாட்சி கேட்டனர். அது ஆயிரத்திலொரு செக்கனால் கிளைன் முந்தியதாகக் கூறிற்று. வெண்கலம் அவருக்குக் கிடைத்தது. யந்திரம் வழக்கு மன்றத்துக்குள் நுழைந்துவிட்டது. ஆயினும் நீந்துபவரின் கைக்கும் யந்திரத்துக்கும் இடையே இன்னும் ஒரு மனித விரல் நின்றது.

அந்த விரலை அகற்றியது தொடுபலகை. 1967-ஆம் ஆண்டில் கனடாவின் வினிப்பெக் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளில் ஒமேகா நிறுவனத்தார் அதைப் பொருத்தினர். அடுத்த ஆண்டு மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் அதை ஏற்றது. கருத்தளவில் அது ஒரு பெரிய மின்விசை ஆளி. நீந்துபவர் சுவரைத் தொடும்போதே கடிகாரத்தைத் தாமே நிறுத்திவிடுகிறார். செய்துமுடிப்பதிலே தான் சூட்சுமம் இருந்தது. அலை ஓயாது மோதிக்கொண்டேயிருக்கும் இடத்தில், அலையின் தள்ளுதலுக்கு அசையாமலும் விரல் நுனியின் அழுத்தத்துக்கு உடனே இணங்கியும் அது இயங்கவேண்டும். நீரின் அழுத்தம் பரந்து விழுவது. கையின் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து விழுவது. இந்த வேறுபாட்டையே கருவி பற்றிக்கொள்கிறது. இன்றைய விதிப்படி பலகையின் அகலம் 2.4 மீற்றர், உயரம் 90 சதமமீற்றர், தடிப்பு ஒரு சதமமீற்றர். நீர்மட்டத்துக்கு மேலே 30 சதமமீற்றரும் கீழே 60 சதமமீற்றரும் அது நிற்கும். ஆகவே கை நீருக்கு மேலே தொட்டாலென்ன, கீழே தொட்டாலென்ன, இரண்டும் அதற்கு ஒன்றே. உரோமாபுரியில் நடுவர்கள் நின்ற கரையிலிருந்து பார்க்க முடியாததை, சுவரில் ஒட்டிய இந்தப் பலகை பார்க்காமலே அறிந்துவிடுகிறது.

பலகை ஒருபுறமிருக்க, நீரை அடக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. கேணியொன்றில் குடத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எழுந்த அலை படிக்கட்டிலே மோதித் திரும்பி வந்து குடத்தையே ஆட்டும். எட்டுப் பேர் வேகமாக நீந்தும் தடாகத்தில் ஒருவரின் அலை மற்றவரின் வாய்க்குள் புகும். சுவரில் மோதிய அலை மீண்டும் வந்து ஓரத் தடத்தில் நீந்துபவரை அலைக்கழிக்கும். தக்கை கோத்த பழைய கயிறு எல்லையைக் காட்டியதேயன்றி அலையைத் தடுக்கவில்லை. இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் அடோல்ப் கீபர் குறிப்பிடத்தக்கவர். 1936-ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் மல்லாந்த நீச்சலில் தங்கம் பெற்ற அமெரிக்கர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்து, கடற்படை வீரர் பலர் நீந்தத் தெரியாமல் மாண்டமை கண்டு, அவர்களுக்கான நீச்சற் பயிற்சியை அமைப்பதில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் 1947-இல் சிக்காகோவில் நீச்சற் சாதனங்களை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். பருத்தியும் பட்டும் கம்பளியுமாக இருந்த நீச்சலுடைக்குப் பதிலாக நைலோன் உடையைக் கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர். 1966-இல் அலையைத் தணிக்கும் தடக் கயிற்றுக்கு அவர் உரிமைச் சான்று பெற்றார். 2017-ஆம் ஆண்டில் தமது 98-ஆம் வயதில் இறக்கும்வரை நீச்சலே அவர் மூச்சாயிருந்தது. ஹாயோஸ் தடாகத்தைக் கட்டினார். கீபர் தடாகத்துக்குள்ளே வைக்கவேண்டியதைச் செய்தார். இருவரும் தாம் நீந்தியபோது பட்ட தொல்லைக்கே மருந்து தேடியவர்கள்.

இன்றைய தடக் கயிறு உண்மையில் கயிறன்று; உருக்குக் கம்பி. அதிலே துளைகளும் இறகுகளும் கொண்ட பிளாஸ்திக்கு வட்டங்கள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும். அலை வந்து மோதும்போது வட்டங்கள் சுழலும். அலையின் சக்தி அவற்றைச் சுழற்றுவதிலேயே செலவாகிச் சிதைந்துபோகும். கம்பி தளர்ந்தால் இந்த வித்தை பலிக்காது. ஆகையால் இரு முனைகளிலும் இறுக்கும் சாதனம் உண்டு. எட்டுத் தடமுள்ள தடாகத்தில் ஓரத்துத் தடங்களுக்குப் பச்சை, நடுவிலுள்ள நான்காம் ஐந்தாம் தடங்களுக்கு மஞ்சள், மற்றவற்றுக்கு நீலம் என நிறமும் விதியில் வகுக்கப்பட்டிருக்கிறது. மல்லாந்து நீந்துபவர் சுவரைக் காணமாட்டாராகையால் இரு முனைகளிலிருந்தும் 5 மீற்றர் தூரத்தில் கொடிகள் குறுக்கே கட்டப்படுகின்றன. கரையோரத்து வாய்க்கால் நீரை வழியவிட்டு அலையை விழுங்குகிறது.

புறப்பாட்டிலும் ஓர் அநீதி ஒளிந்திருந்தது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது. முதலாம் தடத்தின் அருகே நின்று துவக்கை வெடித்தால், 17.5 மீற்றர் அப்பாலுள்ள எட்டாம் தடத்தவர் அதை இருபதிலொரு செக்கன் பிந்தியே கேட்பார். நூற்றிலொரு செக்கனைக் கணக்கிடும் காலத்தில் இருபதிலொன்று சிறு தொகையன்று. ஒவ்வொரு மேடையின் பின்னும் ஒலிபெருக்கி வைத்து இதைத் தீர்த்தனர். மேடையின் தட்டே பாதம் பிரியும் கணத்தைப் பதிந்துகொள்ளும்.

கருவி நுண்மையடைய அடைய, அந்த நுண்மையே புதிய வினாவை எழுப்பியது. 1972-ஆம் ஆண்டு மியூனிச்சில் 400 மீற்றர் கலப்பு நீச்சல் இறுதிப் போட்டி முடிந்தபோது அறிவிப்புப் பலகையில் சுவீடன் நாட்டவரான குன்னர் லார்சனுக்கும் அமெரிக்கரான ரிம் மக்கீக்கும் 4 நிமிடம் 31.98 செக்கன் என ஒரே நேரம் தோன்றியது. அமெரிக்கரான லான்ஸ் லார்சனுக்கும் இவருக்கும் பெயரொற்றுமையைத் தவிர உறவில்லை. சில நிமிடம் அனைவரும் காத்திருக்க, அதிகாரிகள் மூன்றாவது தசமதானத்தைப் பார்த்தனர். குன்னர் லார்சன் 31.981; மக்கீ 31.983. ஆயிரத்திலிரண்டு செக்கன். அப்போட்டியின் வேகத்தில் அது மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு; ஒரு நெல்மணியின் அகலம் எனலாம். தங்கம் சுவீடனுக்குச் சென்றது.

நெல்மணியளவுக்குத் தடாகம் கட்டக்கூடிய கொத்தனார் உலகில் இல்லை. பலகைகள் பொருத்திய 50 மீற்றர்த் தடாகத்தின் நீளம் குறைந்துவிடக்கூடாது, ஆனால் 3 சதமமீற்றர் வரை கூடலாம் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. 400 மீற்றர்ப் போட்டியில் எட்டுமுறை குறுக்கே செல்லவேண்டும். ஒரு தடம் முற்றும் சரியாகவும் மற்றொரு தடம் அந்த விதி அனுமதித்த எல்லைவரை நீண்டும் இருந்தால், ஒருவர் மற்றவரிலும் 24 சதமமீற்றர் கூடுதலாக நீந்தியிருப்பார். அவ்வாறான இடத்தில் மூன்று மில்லிமீற்றரைக் காட்டித் தீர்ப்பளிப்பது தராசு கோணியிருக்கக் குன்றிமணியை எண்ணுவது போன்றது. சம்மேளனம் இதை உணர்ந்தது. நூற்றிலொரு செக்கனுக்கு அப்பால் பார்ப்பதில்லை, அதுவரை ஒத்தால் இருவரும் சமம் என விதி செய்தது. கருவியால் முடிந்தும் வேண்டாம் என்று நிறுத்திய விதி இது. இதன்படி 1984-இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் 100 மீற்றர் சுயேச்சை நீச்சலில் கரி ஸ்ரைன்சைபர், நான்சி ஹொக்ஸ்ஹெட் ஆகிய அமெரிக்க மாதர் இருவரும் 55.92 செக்கனுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2016-இல் ரியோவில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கல் பெல்ப்ஸ், சாட் லி குலோஸ், லாஸ்லோ செக் என்னும் மூவரும் 51.14 செக்கனில் வந்து வெள்ளியை மூவராய்ப் பெற்றனர். அவர்கள் மூவரையும் பின்தள்ளித் தங்கம் பெற்றவர் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்.

நூற்றிலொன்றால் வென்றவர் மீதும் ஐயம் எழாமல் இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அதே வண்ணத்துப்பூச்சி நீச்சலில் பெல்ப்ஸ் 50.58, சேர்பியரான மிலொராட் சாவிச் 50.59. தொலைக்காட்சியில் பார்த்த பலருக்குச் சாவிச்சின் கை முதலில் எட்டியதாகவே தோன்றியது. அவர் கைகளை நீட்டி வழுக்கி வந்தார். பெல்ப்ஸ் கடைசியில் அரைவீச்சொன்று கூடுதலாக வீசிப் பலகையைக் குத்தினார். சேர்பியர் முறையிட, நீருக்கடியில் எடுத்த படங்கள் ஆராயப்பட்டன, தீர்ப்பு மாறவில்லை. சாவிச்சும் அதை ஏற்றுக்கொண்டார். பலகை கேட்பது அருகில் வந்த கையை அன்று, அழுத்திய கையை. இதை அறிந்து நீந்துவதும் நீச்சற் கலையின் ஒரு பகுதியாகிவிட்டது. இப்பொழுது பலகை, அது தவறினால் மனிதர் அழுத்தும் பொத்தான், அதற்கும் துணையாக மேலிருந்து நோக்கும் கமரா எனச் சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. உரோமாபுரியின் முறை தலைகீழாகி, கண் கடைசிச் சாட்சியாகிவிட்டது.

சாதனங்கள் எல்லாம் நீதிக்கே துணை செய்தன என்று சொல்லிவிடவும் முடியாது. 2009-இல் அதே உரோமாபுரியின் அதே வளாகத்தில் நடந்த உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் முறிந்தன. மிதப்பைக் கூட்டும் செயற்கைப் பொருளால் ஆன முழு உடையே அதற்குப் பெரிதும் காரணம். அடுத்த ஆண்டில் அவ்வுடை தடைசெய்யப்பட்டது.

பிற்காலத்தில் தடாகமே கட்டித் தூக்கி வைக்கும் பண்டமாயிற்று. உருக்குத் தகடுகளைப் பொருத்தி, உள்ளே நீர்புகா விரிப்பிட்டு, டென்னிஸ் அரங்கிலோ உதைபந்தாட்ட அரங்கிலோ சில வாரங்களில் தடாகம் அமைக்கிறார்கள். போட்டி முடிந்ததும் கழற்றி வேறோர் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். செலவைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு. ஆனால் 2013-இல் பார்சலோனாவில் அமைத்த தற்காலிகத் தடாகத்தின் நேரங்களை அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் புலப்பட்டது. நீண்ட போட்டியில் நீந்தியோர், ஒரு பக்கத்துத் தடங்களில் போகும்போது வேகமாகவும் வரும்போது மெதுவாகவும், மறுபக்கத்துத் தடங்களில் அதற்கு எதிராகவும் சென்றிருந்தனர். நீர் மெல்லச் சுழன்றிருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. ரியோவின் நேரங்களிலும் அவ்வாறே கண்டதாக அவர்கள் கூறினர். தடாகம் அமைத்தோர் நீரில் ஓட்டம் இல்லை என மறுத்தனர். போய்த் திரும்பும் போட்டியில் இலாபமும் நட்டமும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரே திசையில் 50 மீற்றர் மட்டும் நீந்துபவருக்கோ கழிப்பதற்கு மறுபாதி இல்லை. 1900-ஆம் ஆண்டின் செயின் நதி, தகட்டுச் சுவருக்குள்ளும் சிறிது ஒழுகியதுபோலும்.

2024-இல் ஒலிம்பிக் மீண்டும் பாரிஸுக்கு வந்தபோது, நான்தேர் நகரின் மூடிய அரங்கொன்றிலே தற்காலிகத் தடாகம் அமைத்தனர். நெடுந்தூர நீச்சலை மட்டும் செயின் நதியிலேயே நடத்தினர். ஒருவர் நூற்றிலொரு செக்கனுக்காகப் பலகையைக் குத்த, அதே நகரில் மற்றொருவர் நதியோட்டத்தைத் தவிர்க்கக் கரையை ஒட்டி நீந்தினார்.

ஜோன் டெவிற் 2023-ஆம் ஆண்டிலும் லான்ஸ் லார்சன் 2024-ஆம் ஆண்டிலும் காலமாயினர். உரோமாபுரியின் முடிவு அதன்பின் எந்நாளும் திருத்தப்படவில்லை. ஒலிம்பிக் ஏட்டிலே இருவர் பெயருக்கும் எதிரே 55.2 என்றே எழுதப்பட்டிருக்கிறது.